அடிக்கிற வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாயை, பூனையை என்ன செய்வது?

அடிக்கும் கணவனை விட்டு வெளியேறலாம் என்று ஒரு பெண் நினைக்க ஆரம்பித்ததும் நகை எங்கே இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆகும், அம்மா வீட்டில் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். நாயைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அவளே பேச்சை எடுத்தால், "உன் உயிரே போகுது, இப்ப நாயா முக்கியம்?" என்று அடக்கிவிடுவார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அவளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பது அந்த வீட்டில் ஒருவனுக்கு நன்றாகத் தெரியும். "நீ வாசலைத் தாண்டு, இது உயிரோட இருக்காது" என்று அவன் மிரட்டுவது அதனால்தான்.

இது அபூர்வமான மிரட்டல் அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காப்பகத்துக்கு வந்த பெண்களிடம் பேசி பிராங்க் அசியோன் என்ற உளவியலாளர் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். செல்லப்பிராணி வளர்த்தவர்களில் 71 சதவீதம் பேர், கூட வாழ்ந்தவன் அதைத் துன்புறுத்தினான், கொன்றான், அல்லது அப்படிச் செய்வதாக மிரட்டினான் என்றார்கள். சிறிய ஆய்வுதான். இருந்தாலும் அதற்கு அப்புறம் இந்தத் துறையில் வந்த எல்லாப் பேச்சுக்கும் அதுவே அடிப்படை ஆனது.

எனவே நாய் முக்கியமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எந்த வழியில் கிளம்பினால் என்ன கிடைக்கும், எங்கே இடிக்கும் என்று மட்டும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு பெண்ணை மனதில் வைத்து எழுதுகிறேன். திருமணமாகாமல் சேர்ந்து வாழ்பவருக்கும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. அடிபடுவது ஆண் என்றால் அந்தச் சட்டம் உதவாது. காவல்துறை வழியும், கீழே சொல்லும் மற்ற ஏற்பாடுகளும் அவருக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவன் உங்கள் கழுத்தை நெரித்திருக்கிறான், கத்தி எடுத்திருக்கிறான், கொன்றுவிடுவேன் என்று சொல்வதோடு நிற்காமல் ஏற்பாடுகளும் செய்கிறான் என்றால், நிதானமாக வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. கழுத்தை நெரிப்பது கொலைவரை போகக்கூடிய வன்முறையின் மிகத் தெளிவான அறிகுறிகளில் ஒன்று. 112 (அவசர உதவி) அல்லது 181க்கு (பெண்கள் உதவி எண்) அழைத்துவிட்டு இன்றே கிளம்புங்கள். நாய் கையோடு வந்தால் வரட்டும், வராவிட்டால் மூன்றாவது வழியைப் பாருங்கள்.

சேர்ந்தே கிளம்புவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இது. மனதுக்கு நிம்மதியான வழியும் இதுதான். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் இடிக்கும்.

அரசின் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் இயங்குகின்றன. தற்காலிகத் தங்குமிடம், மருத்துவ உதவி, காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். பொதுவாக ஐந்து நாள் வரை தங்கலாம். பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்குமான ஏற்பாடு அது. நாய்க்கோ பூனைக்கோ இடம் இருக்கும் என்று நம்பிப் போய் நிற்கக்கூடாது. நீண்ட நாள் தங்கும் காப்பகங்களும் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிகளும் அப்படித்தான். 181இல் பேசும்போதே "என்னுடன் ஒரு நாய் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சென்னையில் பிசிவிசி போன்ற, வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகப் பல ஆண்டுகளாக வேலை செய்யும் அமைப்புகளிடமும் இதையே கேட்கலாம். பதில் 'இல்லை' என்றாலும் முந்தின வாரமே தெரிந்துவிட்டால் வேறு ஏற்பாட்டுக்கு நேரம் கிடைக்கும்.

அம்மா வீடு என்றால் நாய்க்கு இடம் கிடைக்கலாம், கொல்லைப்புறத்தில் கட்டியாவது வைப்பார்கள். ஆனால் அவன் முதலில் வந்து நிற்கப்போவதும் அந்த வாசலில்தான். கூடவே பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து "அனுசரிச்சுப் போம்மா" என்று பேசி, உங்களையும் நாயையும் அதே வண்டியில் திருப்பி அனுப்பும் ஆபத்தும் உண்டு. உங்கள் அம்மா அப்பா எப்படிப்பட்டவர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வாடகை வீடு பார்க்கலாம் என்றால், தனியாக இருக்கும் பெண் என்பது ஒரு காரணம், நாய் இரண்டாவது காரணம். ஹவுஸ் ஓனர் இரண்டையும் சேர்த்து முகத்தைச் சுளிப்பார். குடியிருப்புச் சங்கம் தீர்மானம் போட்டுக்கூட செல்லப்பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கேரள உயர்நீதிமன்றமும் 2021இல் இதே பக்கம் நின்றது. அதெல்லாம் நீங்கள் குடியேறிய பிறகு சங்கத்தோடு வாதாட உதவும். வீடே தரமாட்டேன் என்கிறவரிடம் உதவாது. அதற்காக நாயை மறைத்துக் குடியேறவும் வேண்டாம். மூன்றாவது வாரத்தில் அட்வான்ஸுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு மறுபடி தெருவில் நிற்பது, கிளம்பாமல் இருப்பதைவிடப் பெரிய வேதனை.

பயணத்திலும் சிக்கல் உண்டு. ரயிலில் நாயைக் கூடவே உட்கார்த்தி அழைத்துப் போக முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் அல்லது நான்கு பேர் அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். அந்த வகுப்புக்குத் தட்கலும் கிடையாது. இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில், பார்சல் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிந்து, நாய் தனியே வரவேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புகிறவருக்கு இது எதுவும் ஒத்துவராது. வாடகைக் காரோ நம்பிக்கையானவரின் காரோதான் வழி.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு சூட்கேஸோடு போகும் பெண்ணை வாட்ச்மேனும் ஆட்டோக்காரரும் மறந்துவிடுவார்கள். லாப்ரடாரோடு போன பெண்ணை ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் "ஆமா, அந்த நாயோட போனாங்களே" என்று சொல்வார்கள். கூடையில் அடங்கும் பூனைக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆகவே, கார் இருக்கிறது, போகும் வீட்டு முகவரி அவனுக்குத் தெரியாது, அங்கே நாய்க்குச் சம்மதமும் வாங்கியாயிற்று என்றால் சேர்ந்து கிளம்புங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அடுத்த வழியே மேல்.

அதை முதலில் அனுப்பிவிட்டு நீங்கள் கிளம்புவது

ஒரு வாரமாவது அவகாசம் இருக்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது இந்த வழிதான். அவன் கையில் இருக்கும் பிணை முதலில் நழுவிவிடுகிறது. பிறகு நீங்கள் கிளம்பும் நாளில் உங்களையும் பிள்ளைகளையும் மட்டும் பார்த்தால் போதும். காப்பகம், விடுதி, தோழியின் ஒற்றை அறை என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அனுப்புவதற்குச் சாதாரணமான ஒரு காரணம் வேண்டும். தோல் நோய்க்குச் சிகிச்சை, கருத்தடை அறுவை, வீட்டில் பெயிண்ட் வேலை, லீவுக்கு அக்கா மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று ஏதாவது. வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவர் நம்பகமானவர் என்றால் உண்மையையே சொல்லிவிடலாம். "இரண்டு நாள் இங்கே இருக்கட்டும்" என்று அவர் வாயால் வந்தால் வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ரொம்ப முன்னதாக அனுப்பவும் கூடாது. பத்து நாள் நாய் இல்லாவிட்டால் சந்தேகம் வரும். பிரியும் சமயத்தில்தான் வன்முறை உச்சத்துக்குப் போகும் என்பதை மறக்கக்கூடாது. இரண்டு, மூன்று நாள் இடைவெளி போதும்.

எங்கே அனுப்புவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். என் பட்டியலில் முதல் இடம், அவனுக்கு அறிமுகமே இல்லாத ஒரு நண்பருக்கு. அலுவலகத் தோழியின் அண்ணன், பழைய கல்லூரித் தோழி என்று அவன் போனில் எண் இல்லாத யாராவது. உங்கள் நெருங்கிய தோழி வேண்டாம். அவள் வீட்டுக்குத்தான் அவன் இரண்டாவதாகப் போவான், அவளையும் ஆபத்தில் இழுத்துவிடும்.

அடுத்தது காசு கொடுத்து விடும் போர்டிங். இதில் ஒரு வசதி, எந்தக் கதையும் சொல்ல வேண்டாம். தடுப்பூசி அட்டையைக் காட்டிப் பணம் கட்டினால் போதும். செலவுதான் கடிக்கும். நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் 15,000 ஆகிவிடும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் அவ்வளவு இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுக் கணக்கிலிருந்து ஜிபே செய்தால் அடுத்த நிமிடமே அவன் போனில் கடையின் பெயரோடு செய்தி போய்விடும். போர்டிங்காரர்களிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். நீங்களே வந்தால் தவிர வேறு யாரிடமும் நாயைத் தரக்கூடாது என்பது ஒன்று. இன்ஸ்டாகிராமில் போடக்கூடாது என்பது இன்னொன்று. தினமும் குட்டிகள் விளையாடும் ரீல்ஸ் போடாத போர்டிங் இப்போது அரிது. இடத்தின் பெயரோடு உங்கள் நாய் அதில் ஓடிக்கொண்டிருந்தால் செய்ததெல்லாம் வீண்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றால் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்ப்பவரைத் தேடுவது நல்லது. ஊர் ஊருக்கு விலங்கு ஆர்வலர்களின் வாட்ஸாப் குழுக்கள் இருக்கின்றன, அவற்றில் இப்படி வளர்த்துத் தருபவர்கள் உண்டு. நீங்கள் நேரடியாகப் பதிவு போடாமல், நம்பிக்கையான ஒருவரைப் போடச் சொல்லுங்கள். படமும் போட வேண்டாம். "மூன்று வயது ஆண் நாய், தடுப்பூசி போட்டது, இரண்டு மாதத்துக்கு இடம் தேவை" என்றால் போதும். ஒப்புக்கொண்டவரோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நாய் உங்களுடையது, இத்தனை மாதத்துக்கு, சாப்பாடு, மருத்துவச் செலவு யாருடையது என்று. உங்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இது, மூன்று மாதத்தில் அவர் பிள்ளைகள் நாயோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுவது நடக்கிற கதை.

கடைசி இடம்தான் விலங்குகள் காப்பகத்துக்கு. சென்னையில் புளூ கிராஸ் 1959 முதல் இருக்கிறது. தெருவில் அடிபட்டது, நோயில் கிடப்பது, கைவிடப்பட்டது என்று எப்போதும் நிரம்பி வழியும் இடம். மெத்தையில் படுத்துப் பழகிய நாய் அங்கே நூற்றுக்கணக்கான நாய்களின் குரைப்புக்கு நடுவே மிரண்டுபோகும், சாப்பிடாது. தொற்று நோய் வரும் வாய்ப்பும் வீட்டைவிட அதிகம். ஒப்படைப்புக் கடிதம் என்று ஒன்றில் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள், அது உரிமையையே விட்டுக்கொடுப்பதாக இருக்கலாம். ஆனால் இப்படிப்பட்ட அமைப்புகளில் இருப்பவர்களுக்கு நாய் வளர்க்கும் நல்ல மனிதர்கள் நிறையப் பேரைத் தெரியும். இடம் கேட்பதைவிட, ஆள் தெரியுமா என்று கேட்பது பலன் தரும்.

பூனை என்றால் தயாரிப்பு வேறு. அவசரத்தில் கூடைக்குள் திணிக்கப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், சத்தத்தில் வீடே எழுந்துவிடும். பத்து நாளைக்கு முன்பே கூடையைத் திறந்து ஒரு மூலையில் வைத்து, உள்ளே சாப்பாடு போட்டுப் பழக்குங்கள். "சும்மா ஆன்லைன்ல ஆஃபர்ல வாங்கினேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். புது இடத்தில் இரண்டு மூன்று நாள் எதுவும் சாப்பிடாமல் இருந்தால் பூனைக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம். வாங்கி வைத்துக்கொள்பவரிடம் இதைச் சொல்லி, அது படுத்த பழைய துணி ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள்.

இந்த வழி நடக்காத வீடுகளும் இருக்கின்றன. நாயை மாலையில் நடைக்கு அழைத்துப் போகிறவனே அவன் என்றால், கண்ணில் படாமல் நகர்த்த முடியாது. உங்களை அடிக்கிறவன் நாயிடம் கொஞ்சிக் குலவுகிறவனாகவும் இருப்பதுண்டு. அப்போது நாய்க்கு உடனடி ஆபத்து குறைவு என்பதையாவது எண்ணி, கீழே உள்ளதைப் படியுங்கள்.

நீங்கள் முதலில், அது அப்புறம்

இதை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. பாதி ராத்திரியில் கட்டிய புடவையோடு ஓடி வந்தவர்களுக்கு அமைவது இது. இதில் சட்டம் எவ்வளவு தூரம் கை கொடுக்கும் என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் நினைப்பதைவிட ஒரு இடத்தில் குறைவாகவும் இன்னொரு இடத்தில் அதிகமாகவும் கொடுக்கிறது.

குறைவான இடம், விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1960இல் போட்டது. நாயை அடித்தால், பட்டினி போட்டால் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இன்றைக்கு ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. இதை வைத்து அவனைப் பயமுறுத்த முடியாது.

ஆனால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு வேறு மாதிரி. ஒரு விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை. சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் உடைமை. கேட்கக் கசப்பாக இருந்தாலும் இந்த நேரத்தில் அது நமக்குச் சாதகம். இரண்டு பேருக்கும் பொதுவான உடைமை என்றாலும் இந்தப் பிரிவு பொருந்தும், "என் நாய், நான் என்ன வேணா செய்வேன்" என்று தப்பிக்க முடியாது. உடைமைக்குச் சேதம் செய்வேன் என்று மிரட்டுவதே 351ஆவது பிரிவின் கீழ் குற்றமுறு மிரட்டல் ஆகும். "உன் நாய்க்கு விஷம் வைக்கிறேன்" என்று அவன் அனுப்பிய வாட்ஸாப் செய்தி, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். அழைத்துச் சொன்னான் என்றால் தேதியும் நேரமும் குறித்துவைத்து நம்பிக்கையான ஒருவருக்கு உடனே அனுப்பிவிடுங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் "என் நாயை வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார்" என்று சொன்னால் சிரித்துவிடக்கூடும். அடி உதையை முதலில் எழுதி, அதே புகாரில் "எனக்குச் சொந்தமான நாயைக் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறார்" என்று தேதியோடு எழுதுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். அடுத்து மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். அவர் வழியாகவோ வழக்கறிஞர் வழியாகவோ குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போகும். அந்தச் சட்டத்தில் செல்லப்பிராணி என்ற பேச்சே இல்லை. இருந்தாலும் சீதனத்தையும் உங்களுக்குச் சொந்தமான மற்ற உடைமைகளையும் திருப்பிக் கொடுக்கச் சொல்ல 19ஆவது பிரிவு இடம் தருகிறது. குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்யக்கூடாது என்று தடுக்க (பாதுகாப்பு உத்தரவு என்பார்கள்) 18ஆவது பிரிவு இடம் தருகிறது. "இன்ன நிறம், இன்ன வயது நாயை ஒப்படைக்க வேண்டும், அதற்குத் தீங்கு செய்யக்கூடாது" என்று மனுவிலேயே தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காததை நீதிமன்றம் தானாக எழுதாது. மாஜிஸ்திரேட் எழுத்தில் உத்தரவிட்டால் பாதுகாப்பு அலுவலரே போய் உடைமைகளை மீட்டுத் தரவும் விதிகளில் வழி இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

உடைமை என்றால் உங்களுடையது என்று காட்ட வேண்டும். உங்கள் பெயரில் உள்ள தடுப்பூசி அட்டை, வாங்கிய அல்லது தத்தெடுத்த ரசீது, மருத்துவரின் பில்கள், மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் எண், குட்டியிலிருந்து எடுத்த படங்கள். இவற்றைக் கிளம்புவதற்கு முன்பே போனில் படம் எடுத்து, அவனுக்குக் கடவுச்சொல் தெரியாத ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். உரிமம் அவன் பெயரில் இருந்தால் பதறாதீர்கள், பில் கட்டியது, ஊசிக்கு அழைத்துப் போனது யார் என்பதற்கும் மதிப்பு உண்டு.

இந்த வழியில் இருக்கும் மிகப் பெரிய பள்ளம் வேறு. நீங்கள் போன மூன்றாம் நாள், நாலாம் நாள் அவன் அழைப்பான். குரல் தழைந்திருக்கும். "சாப்பிடவே மாட்டேங்குது, உன்னத் தேடுது. வந்து கூட்டிட்டுப் போ, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்பான். நாய் வாசலில் படுத்திருக்கும் படமும் வரும். போகாதீர்கள். தனியாக ஒருபோதும் போகாதீர்கள், பொது இடத்தில் வைத்துத் தருகிறேன் என்றாலும் போகாதீர்கள். உண்மையாகவே கொடுக்க நினைக்கிறவன், உங்கள் சார்பில் வரும் வேறொருவரிடமும் கொடுப்பான். காவலர் ஒருவரோடு, அல்லது இருதரப்புக்கும் தெரிந்த ஓர் ஆண் உறவினரோடு வேறு ஆள் போகட்டும். "நீ நேரில் வந்தால்தான்" என்றால் அவனுக்கு வேண்டியது எது என்று தெரிந்துவிட்டது.

வீட்டிலேயே இருந்து அவனை வெளியேற்றுவது

நம் ஊரில் இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. கிளம்ப வேண்டியவள் பெண்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. மாமனார் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. 19ஆவது பிரிவில் அவனையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு கேட்கலாம். அவசரம் என்றால் அவனை விசாரிக்காமலேயே இடைக்கால உத்தரவும் தரலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மூன்று நாய்கள், ஒரு பெரிய மீன் தொட்டி, வயதான பூனை என்று நகர்த்தவே முடியாத வீட்டுக்கு இது ஒன்றுதான் முழுத் தீர்வு. ஆனால் முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டப் புத்தகத்தில் இருப்பது நீதிமன்ற வளாகத்தில் மாதக் கணக்காக நீளும். உத்தரவுக் காகிதத்தால் சுவரேறிக் குதிப்பவனைத் தடுக்க முடியாது. போலீசுக்கும் ஊருக்கும் பயப்படுகிறவன், வேலை போய்விடும் என்று கவலைப்படுகிறவன் என்றால் இது வேலை செய்யும். குடித்துவிட்டால் எதற்கும் அஞ்சாதவனிடம் இதை நம்பி அந்த வீட்டில் படுக்காதீர்கள். மனு போட்டுவிட்டு, உத்தரவு வரும்வரை நாயோடு வேறு இடத்தில் இருப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி.

ஜீவனாம்சம் கேட்கும்போது நாயின் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். 2023இல் மும்பை பாந்த்ரா மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒரு பெண் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் கேட்டார். தன்னை நம்பி மூன்று ராட்வீலர் நாய்கள் இருப்பதையும் சொன்னார். நாய்க்கெல்லாம் ஜீவனாம்சமா என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. உறவு முறிந்த வெறுமையை நிரப்புபவை செல்லப்பிராணிகள், அவையும் கண்ணியமான வாழ்க்கையின் ஒரு பகுதி என்று சொல்லி, மாதம் 50,000 ரூபாய் இடைக்கால உதவி தர நீதிமன்றம் உத்தரவிட்டது. கீழ் நீதிமன்றத்தின் உத்தரவு என்பதால் தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. உங்கள் வழக்கறிஞர் கையில் எடுத்துக்காட்ட ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கும்.

நிரந்தரமாகக் கொடுத்துவிடுவது

அடுத்த இரண்டு வருடம் எங்கே இருப்பீர்கள் என்றே தெரியவில்லை என்றால், நல்ல வீடு ஒன்றில் கொடுத்துவிடுவது தவறில்லை. அவனுக்குத் தெரியாத ஊரில், நேரில் போய்ப் பார்த்த வீட்டில் கொடுங்கள். தெருவில் அவிழ்த்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அப்படிக் கைவிடுவது சட்டப்படி குற்றம். அதைவிட, வீட்டு நாயை அந்தத் தெரு நாய்கள் முதல் ராத்திரியே கடித்துக் குதறிவிடும்.

நாய், பூனை அல்லாதவை

கிராமத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் மாட்டையும் ஆட்டையும் பற்றியது. தாய்வீட்டில் சீராக ஓட்டிவிட்ட பசுவும் அதன் கன்றும் பாசத்துக்குரியவை மட்டுமல்ல, பால் காசு என்ற ஒரே வருமானமும் அவைதான். அவள் கிளம்பிய மறுநாளே சந்தையில் விற்றுவிடுவான். இங்கே சட்டம் நாயைவிடத் தெளிவாக நிற்கிறது. அது சீதனம், உங்களுக்குச் சொந்தமானதை விற்பது பொருளாதார வன்முறை, விற்கக்கூடாது என்று தடை கேட்கலாம். காதில் போட்ட தோட்டின் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சங்கத்தில் பால் ஊற்றும் அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கிளம்புவதற்கு முன்பே "சினைக்கு விடணும்" என்று சொல்லித் தாய்வீட்டுக்கு ஓட்டிவிடலாம்.

பச்சைக்கிளி வளர்க்கும் வீடுகளில் வேறொரு சங்கடம். அதைக் கூண்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உடைமை என்று அதைக் கேட்டு மனுப் போட முடியாது, அவனே "இவள்தான் வளர்த்தாள்" என்று வனத்துறையில் புகார் கொடுத்துப் பழிவாங்கவும் முடியும். முந்திக்கொண்டு நீங்களே வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது. பறக்கவிடாதீர்கள், கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது.

போன அப்புறம் தடம் தெரியாமல் இருக்க

கழுத்துப்பட்டையில் தொங்கும் வில்லையில் யார் எண் இருக்கிறது என்று பாருங்கள். அவன் எண் என்றால் புது ஊரில் நாய் தொலைந்தால் கண்டெடுப்பவர் அவனுக்குத்தான் அழைப்பார். மைக்ரோசிப் பதிவிலும் அப்படியே. பழைய மருத்துவமனைக் கணினியில் அவன் எண் இருந்தால் அடுத்த ஊசிக்கான நினைவூட்டல் அவனுக்குப் போகும், எனவே எண்ணை மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது ஊரில் புதிய அட்டையே போடுங்கள். நாய் தீவனம் வாங்கிய ஆன்லைன் கணக்கு இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தால் அதில் புது முகவரியைப் போட்டுவிடாதீர்கள். நாய்க்கென்று தனி இன்ஸ்டாகிராம் பக்கம் வைத்திருக்கிறீர்களா? அதை அழிக்க வேண்டாம், படங்கள் ஆதாரம் ஆகும். கடவுச்சொல்லை மாற்றி, புதிதாக எதையும் போடாமல் விட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம். டாக்ஸ் டிரஸ்ட் அமைப்பின் ஃப்ரீடம் திட்டம் 2004 முதல், வீட்டு வன்முறையிலிருந்து தப்பிப்பவர்களின் நாய்களைத் தற்காலிகமாக வளர்ப்பவர்களிடம் விட்டுப் பார்த்துக்கொள்கிறது, நிலைமை சரியானதும் திருப்பித் தருகிறது. அமெரிக்காவில் பாதுகாப்பு உத்தரவில் செல்லப்பிராணியையும் சேர்ப்பதை 2006இல் மெய்ன் மாநிலம் ஆரம்பித்துவைத்தது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் அப்படிச் சேர்க்க முடியும். அங்கே இருப்பவர்கள் உதவி எண்ணில் பேசும்போது பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் அதே மூச்சில் நாயைப் பற்றியும் சொல்லுங்கள். கேட்பவரின் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கக்கூடும்.